ஹால்டோராவின் வெள்ளிக்கிழமை

சுகாதார நிலையத்து மாடியில், ஊசி போடும் அறைக்குப் பக்கத்தில்
எங்களுக்கு ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள்.
ஜன்னலுக்கு வெளியே ஈசாஃப்யோர்துர் துறைமுகம்,
மதியம் மூன்றுக்கே கறுத்துவிட்ட தண்ணீர்.
மேசைமேல் ஒரு கைபேசி, அதைக் குனிந்து பார்க்கும் கேமரா,
யாரும் தொடாத பிஸ்கட் தட்டு.

ஐந்தாவதாக வந்தவர் ஸ்டெய்ன்வோர்.
துறைமுகத் தராசில் மீன் நிறுப்பவர்.
மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார்.
அதையும் குறித்துக்கொண்டேன்.

சோதிப்பது உங்களையல்ல, செயலியை.
மனதில் படுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.
நடுவில் நான் உதவமாட்டேன், தப்பாக நினைக்காதீர்கள்.
அன்றைக்கு ஐந்தாம் முறையாகச் சொன்னேன்,
விமானத்தில் பெல்ட்டை மாட்டிக்காட்டுகிறவர் குரலில்.

முதல் பணி, இரத்த அழுத்தத்தைப் பதிவு செய்வது.
நாற்பத்தொரு நொடி.
இரண்டாவது, மாத்திரைக்கு நினைவூட்டல் வைப்பது.
மூலையிலிருந்த மணியை மூன்று தரம் அழுத்தினார்.
அது வெறும் அலங்காரம்.
"மணியென்று வரைந்தால் அடிக்க வேண்டாமா?"
சொல் மாறாமல் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது, சென்ற வார வரைபடத்தைத் திறந்து
மருத்துவருக்கு அனுப்புவது.
திறந்தார்.
அதோடு விரல் நின்றுவிட்டது.
கைபேசியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார்,
பிறகு இன்னும் கொஞ்சம்.

"ஹால்டோரா யார்?"
மாதிரிக் கணக்கு.
"வியாழக்கிழமை நூற்றுத் தொண்ணூற்றாறு,
கீழே நூற்றுப் பதினெட்டு."
ஆமாம்.
"வெள்ளிக்கிழமை ஒன்றுமே இல்லை.
யாராவது போய்ப் பார்த்தார்களா?"

உதவக்கூடாது என்பது விதி.
அப்படி ஒருத்தி இல்லை என்று சொல்வது
உதவியில் சேருமா
என்று கையேட்டில் இல்லை.
எண்களைப் போட்டது நான்தான் என்றேன்,
ஒரு காபிக்கும் அடுத்த காபிக்கும் நடுவில்.
வெள்ளியன்று எழுந்து போய்விட்டேன் போல.

"இருபத்தாறு வருடம் தராசடியில் நிற்கிறேன்.
மீன் இல்லாமல்
ஓர் எண்கூட வந்ததில்லை."

பிறகு தேடத் தொடங்கினார்.
அனுப்பும் அம்பு அவர் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது,
அதையல்ல.
மேலே, கீழே, அமைப்புகளுக்குள் போய்
மொழி, எழுத்தளவு, பின்னணி நிறம்,
ஏழு நாள் தவறாமல் பதிந்தால் தருகிற பதக்கம்
எல்லாவற்றையும் தாண்டி, திரும்பி வந்து,
மறுபடி ஹால்டோரா.

எதைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கியபோது
கடிகாரம் நான்கு நிமிடத்தைக் கடந்திருந்தது.
ஒன்பது மாதம், பதினோரு பேர்,
எவருக்கும் அது தோன்றவில்லை.

"இது போன்தானே?" என்றார்,
பின்பக்கம் திருப்பிப் பார்த்தபடி.
"இதில் கூப்பிட முடியாதா?"

பணி மூன்று: முடிக்கவில்லை. ஆறு நிமிடம் பத்து நொடி.

கடைசியில் பத்துக் கேள்விகள்.
'அடிக்கடி பயன்படுத்த விரும்புவேன்' என்பதற்கு
முழுமையாக ஏற்கிறேன்.
'தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது' என்பதற்கும்
முழுமையாக ஏற்கிறேன்.
பத்துக்கும் அதே கட்டத்தில் பேனாவால் அழுத்தமாக ஒரு குறி,
காகிதத்துக்கு மறுபக்கமும் தெரிகிற அளவு.
சூத்திரத்தில் போட்டால் சரியாக ஐம்பது வருகிறது.
ஐம்பது என்பது
நல்லதுமில்லை, யாரையும் எழுப்பவும் எழுப்பாது.

போகும்போது இரண்டு பிஸ்கட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.
தராசுக்கு ஒரு படகு காத்திருக்கிறது என்றார்.

இரவு விடுதியில் அறிக்கை எழுதினேன்.
குறை எண் ஒன்று: அழைக்க வழியில்லை. தீவிரம்: உச்சம்.
குறை எண் இரண்டு: மணி.
காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது.
மாதிரிக் கணக்கைத் திறந்தேன்.

நாளைக் காலை ஒன்பதுக்கு ஆறாவது ஆள் வருகிறார்.
சோதனைக்கு நடுவில் தரவைத் தொடக்கூடாது,
தொட்டால் ஒருவரை ஒருவரோடு ஒப்பிட முடியாது.
புதிதாகச் சேர்கிறவர்களுக்கு
அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

வெள்ளிக்கிழமைக் கட்டத்தில்
நூற்று முப்பத்திரண்டு, எண்பத்து நான்கு
என்று போட்டேன்.
சேமிக்கவா என்று கேட்டது.